மோரி-சானின் தாத்தாவுக்குப் போட்ட இலை

எங்கள் வீட்டில் படையல் போட்டுக் கதவைச் சாத்தியதும், "சீக்கிரம் சாப்ட்டு முடிக்கச் சொல்லும்மா, எனக்குப் பசிக்குது" என்று கிண்டல் செய்கிற ஆள் நான்தான். செத்தவர்கள் வந்து சாப்பிடுவார்கள் என்பதை ஒருநாளும் நம்பியதில்லை. அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் கோபப்பட மாட்டேன். எனக்கு இதில் பயத்தைவிட வெட்கம்தான் அதிகம்.

அம்பத்தூரில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். அங்கிருந்து வருகிற இன்ஜினியர்கள் பேசுவதை நம் ஆட்களுக்குச் சொல்லவேண்டும், நம் ஆட்கள் பேசுவதை அவர்களுக்குச் சொல்லவேண்டும். சூடாக வருவதைக் கொஞ்சம் ஆற்றிச் சொல்வது எனக்குச் சீக்கிரமே பழகிவிட்டது. ஜப்பான்காரர் "இவனுக்கு மூளையே இல்லையா" என்பார், நான் "இன்னொரு தடவை பார்க்கச் சொல்றார்" என்பேன். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை, வேலையும் நடக்கும்.

வீடு பருத்திப்பட்டில், ஏரிக்கரைப் பக்கம். நானும் அம்மாவும்தான். அம்மாவின் பெரியப்பா, எனக்குப் பெரிய தாத்தா, செம்பரம்பாக்கம் பக்கம் கழனி வேலை செய்துகொண்டிருந்தவர், பிழைக்க மலேயா போனார். போர் வந்தபோது ஜப்பான்காரர்கள் அவரைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப்போனார்கள். அங்கே பட்டினியில் செத்தார் என்று திரும்பி வந்த யாரோ சொன்னதுதான் கடைசி. செத்த தேதி தெரியாது, ஒரு போட்டோ கூடக் கிடையாது. அதனால் அமாவாசையில் ஒரு மணைமேல் புது வேட்டியை மடித்துவைத்து, அதன் முன்னால் இலை போடுவோம். ஒவ்வொரு தடவையும் சோறு வைத்துக்கொண்டே அம்மா சொல்வாள், "எம் பெரிப்பாவ பட்னி போட்டவன் எவன்னு தெரிஞ்சா, அவனுக்கு ஒரு வாய் தண்ணிகூட குடுக்க மாட்டேன்."

போன மகாளய அமாவாசை ஞாயிற்றுக்கிழமை வந்தது. அது தெரியாமல் மோரி-சானை அன்றைக்குச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டேன். ஜப்பானிலிருந்து கம்பெனிக்கு வந்திருந்த வயதான இன்ஜினியர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். வேறு நாள் வரச் சொல்கிறேன் என்றதற்கு அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "வர்றவர வாணாம்னு சொல்லுவியா? வந்து ரெண்டு வாய் துன்னுட்டுப் போவட்டும்" என்றாள்.

வந்தவர் கஷ்டப்பட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வேட்டியைப் பார்த்து, இது யாருக்கு என்று கேட்டார். அன்றைக்கென்று நான் எதையும் ஆற்றாமல் சயாம், ரயில், பட்டினி என்று உள்ளதை உள்ளபடி சொல்லித் தொலைத்தேன்.

அவர் முகம் செத்துவிட்டது. தன் தாத்தாவும் வெளிநாட்டில்தான் இறந்தார் என்றார். சிங்கப்பூரில், சாங்கி சிறையில். வெள்ளைக்காரர்கள் கட்டிய சிறை அது. போரில் ஊரைப் பிடித்ததும் ஜப்பான்காரர்கள் வெள்ளைக்காரர்களையே அதில் கொண்டுபோய் அடைத்திருக்கிறார்கள், இடம் கொள்ளாமல், பெண்களையும் பிள்ளைகளையும்கூட. தோற்றதும் அதே அறைகளில் ஜப்பான்காரர்கள் அடைபட்டார்கள். போர்க்குற்றம் என்று விசாரணை நடந்து, பலரை அங்கேயே தூக்கில் போட்டார்கள். அதில் ஒருவர் இவருடைய தாத்தா. அந்த ரயில் பாதையில் அதிகாரியாக இருந்தவர். "கூலிகளுக்கு அரிசியைப் பாதியாகக் குறைத்தது அவர்தான்" என்றார் மோரி-சான். வீட்டில் யாரும் அவர் பேரைச் சொல்ல மாட்டார்களாம், படைப்பதும் இல்லையாம். பழைய சிறையை இடித்து, வாசலையும் ஒரு சுவரையும் மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள், அந்தச் சுவர் முன்னால் போய் நின்றாராம், கும்பிடக் கை வரவில்லை என்றார்.

"இன்னாடி சொல்றாரு? ஏன் கண்ணு கலங்கிகினு கீறாரு?" என்றாள் அம்மா.

"அவுங்க தாத்தாவும் வெளியூர்லதான் செத்தாராம்மா. சிங்கப்பூர்ல, உடம்பு முடியாம. வீட்ல படைக்கறதும் இல்லியாம்."

"அய்யோ பாவமே. படைக்கக்கூட ஆளில்லியா? எடு, இன்னொரு இல போடு."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? அம்மா அதற்குள் பெரிய தாத்தாவின் இலைக்குப் பக்கத்திலேயே இன்னொரு இலையை விரித்து, சோறு, சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயசம் என்று எதையும் விடாமல் வைத்துவிட்டாள். மோரி-சான் என்னிடம் மெதுவாகக் கேட்டார், "யார் என்று தெரிந்துமா உங்கள் அம்மா வைக்கிறார்?"

"ஆமாம்" என்றேன்.

அந்த மனிதர் நெற்றி தரையில் படும்படி அம்மா முன்னால் குனிந்தார். அம்மா பதறிப்போய், "எந்திரி நைனா, எந்திரி" என்று அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். எனக்கு அங்கே நிற்கவே கூசியது.

கற்பூரம் காட்டிக் கதவைச் சாத்திவிட்டு மூன்று பேரும் வெளியே நின்றோம். பட்டப்பகல். அறைக்கு அந்த ஒரு கதவுதான், ஏரிக் கொசுவுக்காக ஜன்னலுக்கு வலை அடித்திருக்கிறோம், பூனை நுழையவும் வழியில்லை. வழக்கம்போல் அம்மா தட்டிவிட்டுத் திறந்தாள்.

நம்பினால் நம்புங்கள். இரண்டாவது இலை துடைத்துவிட்டது போல இருந்தது. ஒரு பருக்கை இல்லை, பாயசத்தின் ஈரம்கூட இல்லை. பெரிய தாத்தாவின் இலையில் சோறு வைத்ததைப் போல இரண்டு மடங்காகக் குவிந்திருந்தது. வடையும் இரண்டு மடங்கு.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இவரு தாத்தா தம் பங்கயும் தூக்கிக் குடுத்துட்டாரு பாரு! எவ்ளோ பெரிய மனசு! சொல்லுடி அவர்கிட்ட." சொன்னேன். அவர் குழந்தை மாதிரி அழுதார். அவருக்குக் கிடைத்த மன்னிப்பு அம்மா கொடுத்தது இல்லை, நானாகச் செய்து கொடுத்த போலி. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் ஊருக்குப் போய்விட்டார். தீபாவளிப் படையலிலும் அம்மா இரண்டு இலை போட்டாள். வைத்தது வைத்தபடி இருந்தது. அன்றைக்கு ஏதோ கண்கட்டு என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

தை அமாவாசைக்கு அம்மாவுக்கு முட்டிவலி, எழுந்திருக்க முடியவில்லை. நான்தான் படைத்தேன். இதையாவது நேர்மையாகச் செய்வோம் என்று ஒரே ஒரு இலை போட்டேன். "ரெண்டு இல போட்டியாடி?" என்று உள்ளே கட்டிலிலிருந்து கேட்டாள் அம்மா. போட்டேன் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

திறந்தபோது சோறு நட்டநடுவில் பிரிந்திருந்தது, இடையில் ஒரு விரல் அகலத்துக்குப் பச்சை இலை. ஒரு பாதி வேட்டிக்கு நேராக இருந்தது. இன்னொரு பாதி, முன்பு இரண்டாவது இலை போட்டிருந்த பக்கமாக ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருந்தது. வடை பாதியாகப் பிட்டிருந்தது.

பெரிய தாத்தா தன் சோற்றில் பாதியை மோரி-சானின் தாத்தாவுக்குக் கொடுத்தாரா, இல்லை அந்த அதிகாரி மறுபடியும் வந்து அவர் சோற்றைப் பாதியாகக் குறைத்தாரா? நான் இலை போடாததால் பெரிய தாத்தாவை இன்னொரு தடவை அரைப்பட்டினி போட்டுவிட்டேனா? அம்மாவைக் கேட்டால் ஏதாவது சொல்வாள். கேட்க வேண்டுமென்றால் அந்த உண்மையை முதலில் சொல்லியாக வேண்டும்.

"ரெண்டு பேரும் சாப்ட்டாங்களாடி?" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

"சாப்ட்டாங்கம்மா" என்றேன்.

ஆடி அமாவாசை வருகிறது. எத்தனை இலை வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.