வடக்கெல்லையில் மரியாள்

இரத்தினவேலருக்கு ஒரு வீட்டைக் காட்டினால் அவர் வாசலைப் பார்க்கமாட்டார். அது யாரிடமிருந்து யாருக்கு எவ்வழியாக இறங்கியது என்றுதான் கேட்பார். யாழ்ப்பாணத்துக் காணிப் பதிவகத்தில் பதினைந்து ஆண்டுகள் எழுதுவினைஞராக இருந்தவர் அவர். ரொறன்ரோவுக்கு வந்தபின் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினோராம் மாடியில் குடியிருந்துகொண்டு, சட்டத்தரணிகள் அலுவலகமொன்றின் நிலவறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் கோப்பு அடுக்கினார். இரண்டு நாட்டிலும் தம் கையில் ஒரு தாள்தானும் தொலைந்ததில்லை என்பது அவருடைய முதலாவது பெருமை.

இரண்டாவது பெருமை பரம்பரையைப் பற்றியது. ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், யாழ்ப்பாணத்தை ஆண்ட காலத்தில் ஞானஸ்நானம் பெறாதவரின் கலியாணம் பதிவாகாது. பதிவில்லாத கலியாணத்தின் பிள்ளைக்குக் காணி இறங்காது. ஆகவே ஊரே தேவாலயத்துக்குப் போய்த் தலையை நனைத்துக்கொண்டு, வீடு திரும்பித் துடைத்துவிட்டுத் திருநீறு பூசியது. இரத்தினவேலரின் சங்கானைக் குடும்பம் மட்டும் நனையவில்லை. நனையாமல் காணி எப்படி இறங்கியது என்று அவரை எவரும் கேட்டதில்லை. காணிகளைப் பற்றிக் கேள்வி கேட்பவர் அவர் ஒருவரே ஆனபடியால், அக்கேள்வி எழ வாய்ப்பும் இருக்கவில்லை.

அப்படிப்பட்டவருடைய ஒரே மகள் நிலாணி, முப்பத்தைந்து வயதில், தனக்கொரு மாப்பிள்ளை இருப்பதாக அறிவித்தாள். பெயர் டேமியன் ஹூக்வெல்ட். பறங்கிக் குடும்பம், ஒல்லாந்தர் வழி வந்த இலங்கையர். தகப்பன் சீமோன் யாழ்ப்பாணத்தில் பிறந்து கொழும்பில் வளர்ந்து இப்போது ரொறன்ரோவுக்குக் கிழக்கே அஜக்ஸில் வீடு வாங்கியிருப்பவர்.

இரத்தினவேலர் தம்முடைய சம்மதத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். மகள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அப்பா, நான் பெர்மிஷன் கேக்கேல்லை. வெடிங் ஜூன் மாசம். இன்விட்டேஷனிலை உங்கட பேரைப் போடலாமோ எண்டுதான் கேக்கிறன். வேண்டாமெண்டால் அம்மான்ர பேரை மட்டும் போடுவன்."

தந்தை உயிரோடிருக்கத் தாயின் பெயர் மட்டும் தாங்கிய அழைப்பிதழ் ஸ்காபரோவின் ஒவ்வொரு வீட்டுக்கும் போவதை இரத்தினவேலர் மனக்கண்ணால் கண்டார். விசாரித்துவிட்டுச் சொல்வதாகக் கூறினார். பங்குனி முடியுமட்டும் தவணை கிடைத்தது.

விசாரிப்பது எளிதன்று. நம்மவர் சம்பந்தமென்றால் ஊருக்கு இரண்டு தொலைபேசி அழைப்புப் போதும். மூன்று தலைமுறையின் குறைகளும் மாலைக்குள் வந்து சேரும். ஹூக்வெல்ட் குடும்பத்தைப் பற்றி யாரிடம் கேட்பது? அக்குடும்பத்தின் வேரை அறிந்த அயலவர் இறந்து இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் அவர்கள் எழுதிவைத்துவிட்டு இறந்திருந்தார்கள். ஒல்லாந்தர் எதையும் எழுதாமல் விட்டவர்களல்லர் என்பதை இரத்தினவேலர் தொழில்முறையில் அறிவார். அந்த ஒரு காரணத்துக்காக அவர்களை உள்ளூர மதித்துமிருந்தார்.

மாடிக் குடியிருப்பை விட்டுப் பின்னர் வாங்கிய அஜின்கோர்ட் வீட்டின் சாப்பாட்டு மேசை ஆவணக்காப்பகமாயிற்று. காணிக்கு உரித்துத் தேடும் அதே முறைதான்: கடைசி உறுதியிலிருந்து, அதாவது கடைசிக் காணிப் பத்திரத்திலிருந்து, பின்னோக்கி நடப்பது. சீமோனின் பிறப்புச் சாட்சிப்பத்திரத்தை மகள்மூலம் வாங்கினார். அதிலிருந்து பாட்டனின் புகையிரதப் பகுதிச் சேவை. அதிலிருந்து ஒரு திருமணப் பதிவு. மணப்பெண்ணுக்குச் சாட்சிக் கையெழுத்து வைத்த மைத்துனன். அவன் வழியாக அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய ஒரு கிளை. தேவாலயப் பதிவேடுகளின் படங்களைக் கொழும்பில் ஒருவரைப் பிடித்து எடுப்பித்தார். ஹேக் நகரக் காப்பகத்தின் கப்பல் ஆட்பட்டியல்கள் இணையத்திலேயே கிடந்தன. ஒல்லாந்து மொழியில் நூற்று நாற்பது சொற்களைக் கொப்பியில் எழுதி மனனஞ்செய்தார். பிறந்தான், மணந்தான், செத்தான், கடன் வைத்தான் என்பவை தெரிந்தால் ஒரு குடும்பத்தின் வரலாற்றில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

சீமோனின் தமக்கை செலீன் ஒரு வம்சமரம் வைத்திருந்தார். கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியது. அதன் படத்தை நிலாணி கைத்தொலைபேசியில் காட்டினாள். அடிமரத்தில் 'கப்டன் யான் ஹூக்வெல்ட்' நின்றார். மனைவி: 'மரியா, ஒல்லாந்தச் சீமாட்டி'.

தை மாதக் கடுங்குளிரில் ஒரு காலை, இரத்தினவேலர் கப்டனைப் பிடித்தார். ஆட்பட்டியலில் யான் ஹூக்வெல்ட் தெளிவாக இருந்தான். தொழில், பீப்பாய் செய்பவன். இரத்தினவேலர் எழுந்து இரண்டாவது கோப்பி போட்டுக் குடித்தார். மருத்துவர் ஒன்றுக்குமேல் தடுத்திருந்தார்.

"கப்டன் இல்லையப்பா, பீப்பாய்க்காரன்," என்று மனைவி யோகமலரிடம் அறிவித்தார்.

"பீப்பாய் ஒழுகிச்சுதாமோ?"

"அப்பிடியொண்டும் எழுதேல்லை."

"அப்ப நல்ல வேலைகாரன்தானே," என்று சொல்லிவிட்டு அவர் வெங்காயம் உரிக்கப் போனார்.

இனிச் சீமாட்டியைப் பிடிக்கவேண்டும். யானின் திருமணப் பதிவு மாசி நடுப்பகுதியில் வந்துசேர்ந்தது. படத்தைப் பெருப்பித்து, எழுத்தெழுத்தாகக் கூட்டினார். மணப்பெண் மரியா ஒல்லாந்தில் பிறந்தவளல்லள். சங்கானைக் கோயிற்பற்றைச் சேர்ந்த சுதேசி. பிலிப்பு குமாரவேலன் என்பவனின் மகள். சீதனமாக விளாத்தியடி வளவின் வடக்குப் பாகம்.

இரத்தினவேலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் போட்டார். எழுத்து மாறவில்லை.

விளாத்தியடி வளவு அவருடைய முதுசம். தகப்பன் வழி வந்த காணி. அதன் உறுதி, தொண்ணூறாம் ஆண்டில் நாட்டைவிட்டுப் புறப்பட்டபோது இரண்டு சேட்டுகளுக்கு நடுவே வந்த பொருள். அலுமாரியைத் திறந்து எடுத்தார். கிழக்கே ஒழுங்கை, தெற்கே குளம், மேற்கே கோயிற் காணி. வடக்கே, 'மரியாள் உரித்தாளர் காணி'.

அந்த வரியை அவர் வாழ்நாளில் எத்தனையோ முறை தம் கையாலேயே பிரதிசெய்திருக்கிறார். அவருக்கு முன் அவருடைய தகப்பனும் செய்திருக்கிறார். மரியாள் யாரோ வேதக்காரக் கைம்பெண் என்பது வீட்டின் பொதுவான எண்ணம். பதினைந்து ஆண்டுகள் ஊரவர் எல்லோருடைய எல்லையையும் துருவித் துருவிக் கேட்ட எழுதுவினைஞர், தம்முடைய வடக்கெல்லையில் இருந்த பெண்ணை யாரென்று கேட்கவில்லை.

இரண்டு வாரத்தில் தோம்பின் பக்கமும் வந்தது. தோம்பு என்பது ஒல்லாந்தர் எழுதிய காணிப் பதிவேடு. வீட்டாளர் பெயர்களும் அதில் உண்டு. பிலிப்பு குமாரவேலன். அவனுடைய மகன் தொமிங்கு கதிர்காமன். மகள் மரியாள். கதிர்காமன் இரத்தினவேலரின் உறுதிகளில் முதலாவதாக வரும் பெயர். 'தொமிங்கு' என்ற ஞானஸ்நானப் பெயர் மட்டும் எங்கோ வழியில் காய்ந்துபோயிருந்தது.

அன்று முழுவதும் அவர் மறுப்புத் தேடினார். வேறொரு விளாத்தியடி இருக்கலாம், எழுதியவன் தவறியிருக்கலாம். இவையெல்லாம் நிலவறையில் அவர் அடுக்கிய கோப்புகளில் தோற்றுப்போன கட்சிக்காரர் சொன்னவை என்பதும் நினைவிருந்தது. படங்களை அழித்துவிட்டால் இன்னும் நூறு ஆண்டுக்கு ஒருவரும் தேடப்போவதில்லை. மாலையில் யோகமலர் மேசையருகே வந்து, அடுத்தடுத்து வைத்திருந்த இரண்டு தாள்களையும் பார்த்தார். அவர் படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் வடக்கெல்லையை வாசிக்க அது போதுமாயிருந்தது.

"கையிலை ஒரு தாளும் துலைஞ்சதில்லை எண்டு கலியாணங்கட்டின நாளிலயிருந்து சொல்லுறியள்," என்றார். "இனித் துலைக்கப்போறியளோ?"

பங்குனியின் கடைசி ஞாயிறு சீமோனும் செலீனும் வந்தார்கள். செலீன் வம்சமரத்தைச் சட்டத்தோடு கொண்டுவந்திருந்தார். அதைச் சாமிப்படங்களுக்குக் கீழே சாய்த்துவைக்கத்தான் இடமிருந்தது. தம்முடைய குடும்பத்தில் கலப்பில்லை என்பதை அவர் வடையோடு சேர்த்து மெதுவாக விளக்கினார். இரத்தினவேலரும் தம்முடைய குடும்பத்தைப் பற்றி வழக்கமாகச் சொல்வதைச் சொல்லத் தொடங்கி, நனையாத இடம் வந்ததும் நிறுத்திவிட்டார். நிலாணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழைப்பிதழை மறுநாள் அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டும்.

இரத்தினவேலர் எழுந்து ஆவணக் கோப்பை எடுத்துவந்து, நான்கு தாள்களையும் ஒழுங்காகப் பரப்பினார். உறுதி, திருமணப் பதிவு, தோம்பு, தாம் வரைந்த வம்சவழிப் படம். நீதிமன்றத்தில் சொல்வதுபோல ஒவ்வொன்றாக விளக்கினார். பீப்பாயையும் விடவில்லை, தொமிங்குவையும் விடவில்லை.

செலீன்தான் முதலில் தெளிந்தார்.

"அப்ப உங்கட ஆக்களும் ஞானஸ்நானம் எடுத்தவை?"

"பதிவிலை அப்பிடித்தான் கிடக்கு," என்றார் இரத்தினவேலர். "உங்கட சீமாட்டியும் எங்கட சங்கானைதான். அதுவும் பதிவிலை கிடக்கு."

சீமோன் படத்தின்மேல் குனிந்து விரலால் இரண்டு கிளைகளையும் இறங்கிவந்தார். புகையிரதப் பகுதிக்காரரின் பேரன். கோடு பிடித்துப் போவது இரத்தத்தில் உண்டு. "அண்ணை, அப்ப பிள்ளையள் சொந்தமெல்லோ? கட்டலாமோ?"

இந்தக் கேள்விக்காகவே இரத்தினவேலர் மூன்று இரவு தூங்காமல் எண்ணியிருந்தார். எண்ணத் தொடங்கும்போது ஒரு நம்பிக்கையும் இருந்தது: முறை பிழைத்தால் மறுப்பதற்கு இதைவிட மரியாதையான காரணம் உலகில் இல்லை. ஆனால் கதிர்காமன் தமையன், மரியாள் தங்கை. தமையன் பிள்ளையும் தங்கை பிள்ளையும் மச்சான் மச்சாள். இரு பக்கமும் ஆண்வழியாகவே இறங்கியிருந்தபடியால் முறை ஓரிடத்திலும் புரளவில்லை. இந்தப் பக்கம் ஒன்பதாந் தலைமுறையில் நிலாணி. அந்தப் பக்கம் ஒன்பதாந் தலைமுறையில் டேமியன்.

"கட்டலாமோவோ?" என்றார் அவர், தோற்ற வழக்கின் தீர்ப்பை வாசிக்கும் குரலில். "உரிமையான மச்சான். விசாரிச்சுப் பாத்தால், நாங்கள் தேடிப்போய்க் கேட்டிருக்க வேண்டிய மாப்பிள்ளை."

யோகமலர் அடுப்படிக்குள் போய்விட்டார். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

பிறகு செலீன் தயக்கத்தோடு ஒரு வேண்டுகோள் விடுத்தார்: பீப்பாயும் சங்கானையும் இந்த அறைக்குள் இருந்தால் நல்லது. தொமிங்குவும் இருந்தால் நல்லது என்று இரத்தினவேலர் உடனே சேர்த்தார். அந்த வீட்டில் இரு குடும்பமும் ஒருமனதாக ஒப்புக்கொண்ட முதல் தீர்மானம் அதுதான். கோப்பை அவர் மூடினார், அழிக்கவில்லை. தொலையாமல் வைத்துக்கொண்டே காட்டாமல் இருப்பது பதிவகக்காரருக்குப் புதிதன்று.

நிலாணி அழைப்பிதழின் மாதிரியையும் பேனாவையும் அவர்முன் வைத்தாள். பெற்றோர் என்ற இடத்தில் தாயின் பெயருக்கு மேலே ஒரு வரி வெறுமையாக இருந்தது; முதலிலிருந்தே விட்டுவைத்திருந்தாள் போலும். இரத்தினவேலர் தம் முழுப்பெயரை எழுதினார். பழக்கதோஷத்தால் கீழே திகதியும் போட்டார். பின்பு தேத்தண்ணித் தட்டைச் சீமோன் பக்கம் நகர்த்தினார். மூன்று மாதமாக 'மிஸ்டர் ஹூக்வெல்ட்' என்றே குறிப்பிட்டுவந்த அந்த மனிதரை, பதிவின்படி அழைப்பதற்கு இப்போது ஒரே ஒரு முறைதான் இருந்தது.

"எடுங்கோ மச்சான், ஆறப்போகுது," என்றார்.