வெந்நீர் வாளியும் குளிர்கடல் மீனும்

மலேசியாவில், ஜோகூரின் பாசிர் கூடாங்கில் ஓர் உறைமீன் தொழிற்சாலையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். வடக்கே எங்கோ பனிக்கடலில் பிடித்த மீன், செங்கல் செங்கலாக உறைந்து கன்டெய்னரில் வரும். அதைத் தளர்த்தி, இனம் பிரித்து, வெட்டும் மேசைக்கு அனுப்புவது எங்கள் வேலை. வலையில் கூடவே மாட்டிக்கொண்டு வந்த வேண்டாத மீன்களை நீலத் தொட்டியில் போட்டுவிடுவோம். இரண்டு அடுக்குக் கையுறை போட்டாலும் ஒரு மணி நேரத்தில் விரல் நம்முடையதா அடுத்தவருடையதா என்று தெரியாது.

எனக்கு அடுத்து நின்றவள் என்னைவிடப் பத்து வயது இளையவள். பெக்கான் நானாஸ்காரி. புருஷன் முதுகு போய் லாரி ஓட்டுவதை நிறுத்தியிருந்தார். இரண்டு பெண் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு சிங்கப்பூரில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை கிடைத்திருந்தது. பெர்மிட்டும் வந்துவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய்வர வேண்டும்.

"அக்கா, காலைல அந்த ஜேம்ல பிரேக்கு புடிச்சே என் வலது கை ஓஞ்சிரும்லா" என்று சிரிப்பாள்.

"போடி, சிங்கப்பூர் சம்பளம் வாங்குனா கை தானா சரியாயிரும்" என்பேன். அவள் போவது எனக்கு உள்ளுக்குள் வருத்தம்தான். ஆனால் அந்த வீடு அந்த வேலையை நம்பித்தான் இருந்தது.

அன்றைக்குத் தேநீர் இடைவேளை முடிந்து வந்தோம். ஒரு கட்டி உடைந்து, அதிலிருந்து ஒரு மீன் உருண்டு வந்தது. உடம்பில் பாதி தலை. அகன்ற வாய், பாறைப்பாசி போலத் திட்டுத் திட்டாய் நிறம், கன்னத்தில் முட்கள். அவள் அதை எடுத்து நீலத் தொட்டியில் போடக் கை நீட்டினாள். முள் இரண்டு கையுறையையும் துளைத்துக் கட்டைவிரல் மேட்டில் ஏறிவிட்டது. ரத்தம்.

"அலமாக், லெப்பு! லெப்புடி இது!" என்று நான் கத்தினேன்.

ஜோகூர்க் கரையில் லெப்பு மீனைத் தெரியாதவர்கள் குறைவு. சேற்றிலும் பாறை இடுக்கிலும் கல்லோடு கல்லாய்ப் படுத்திருக்கும். முதுகு முள்ளில் விஷம். மிதித்தால் ஆம்பிளை என்று பார்க்காது, அழவைத்துவிடும். எங்கள் வீட்டுக்காரர் ஒருமுறை பொந்தியான் பக்கம் சிப்பி பொறுக்கப் போய் மிதித்துவிட்டு, அம்மா ஆத்தா என்று அலறினார். யாரோ சொன்னார்கள் என்று காலைச் சூடான தண்ணீரில் வைத்தேன். அரை மணியில் மனுஷன் தேத்தண்ணி கேட்டார். அன்றிலிருந்து சொந்தபந்தத்தில் லெப்பு வைத்தியம் என்றால் நான்தான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

பேன்ட்ரிக்கு ஓடி, காப்பி கலக்கும் பாய்லரிலிருந்து வாளியில் வெந்நீர் பிடித்தேன். பேருக்குக் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் ஊற்றினேன். கையுறையைக் கழற்றி என் விரலை ஒரு நொடி விட்டுப் பார்த்தேன். இளஞ்சூடாகத்தான் தெரிந்தது. மீன் கட்டிகளோடு மல்லுக்கட்டி மரத்துப்போன விரல் வேறு எதைச் சொல்லும்? அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கையை உள்ளே அமுக்கினேன்.

சூப்பர்வைசர் ஓடி வருவதற்குள் கை சிவந்து கொப்புளம் கிளம்பிவிட்டது. "பாத்தீங்களா, விஷம் எப்படிக் கொப்புளிக்குதுன்னு!" என்றேன். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். இரண்டு நாள் கழித்து என் விரல் நுனியிலும் தோல் உரிந்தது. அதற்கும் லெப்பு விஷம்தான் காரணம் என்று பஸ்ஸில் வந்த அத்தனை பேரிடமும் சொன்னேன்.

எங்கள் தரப் பரிசோதனை அறையில் ஒரு மலாய்ப் பெண் இருக்கிறாள். மீன்வளம் படித்தவள். அந்த வார வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டாள். மேசையில் ஒரு தட்டில் அந்த மீன். பக்கத்துத் தட்டில் கூக்குப் என்ற ஊரின் மீன்பிடித்துறையிலிருந்து தன் மாமா கொடுத்ததென்று ஒரு நிஜ லெப்பு. அவள் மலாயில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்; காக் என்றால் அக்கா.

"காக், இது லெப்பு இல்லை. ஸ்கல்பின். விஷம் கிடையாது. முள் குத்தினால் முள் குத்தின வலி மட்டும்தான்."

எனக்குக் கோபம் வந்தது. "ரெண்டும் ஒரே மூஞ்சிதானே!" என்றேன்.

ஒரே மூஞ்சிதான் என்று அவளும் ஒத்துக்கொண்டாள். இரண்டுக்கும் கண்ணுக்குக் கீழே கன்னத்தின் குறுக்கே ஓர் எலும்பு ஓடுகிறது. அதை வைத்துத்தான் பழைய நூல்கள் இரண்டையும் ஒரே பெரிய வரிசையில் சேர்த்திருந்தனவாம். இப்போது அந்த வரிசையையே கலைத்து அடுக்குகிறார்களாம். எப்படி அடுக்கினாலும் குடும்பம் வேறு வேறு. லெப்பு நம் வெதுவெதுப்பான கடலில் இருக்கிறது. ஸ்கல்பினில் நூற்றுக்கணக்கான வகை உண்டு, ஒன்றுகூட நம் தண்ணீருக்கு வராது. குளிர்கடலின் அடித்தரை, பாறைக் குளங்கள், பனி உருகி ஓடும் ஓடைகளில் கல்லுக்கு அடியில் என்று அதற்கு இடம் தனி. ஓர் ஆழமான ஏரியில் இருக்கிற வகைக்கு உடம்பே கண்ணாடி மாதிரியாம். மிதக்க உதவும் காற்றுப்பை ஸ்கல்பினுக்கு இல்லை, அதனால் பெரும்பாலும் தரையோடு ஒட்டியே வாழும். பல வகைகளில் ஆண்தான் முட்டைக்குக் காவல் இருக்குமாம்.

ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். என் காதில் ஒரே சொல்தான் நின்றது. விஷம் கிடையாது.

"அப்ப அந்தக் கொப்புளம்?" என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் லெப்புத் தட்டை மூடினாள்.

அட கடவுளே, ஒரு சின்ன முள் குத்துக்குப் பிளாஸ்டர் ஒட்டி அனுப்பியிருக்க வேண்டிய கையை நான் அவித்து வைத்திருக்கிறேன்.

உடனே போய்ச் சொன்னேனா? இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி எடுத்துப் போனேன். வெந்நீர்ப் புண் என்று டாக்டர் சொல்லியிருந்தும், விஷம் இறங்க அதுதான் விலை என்று அவள் நம்பியிருந்தாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவள், "எங்க அக்கா மட்டும் இல்லன்னா அன்னைக்கு என் கையே போயிருக்கும்" என்று சொன்னாள். அவள் மாமியார் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் நின்றுகொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் பேசாமல் இருந்த நாட்கள் அவைதான், அதுவும் பேசியிருக்க வேண்டிய நாட்கள்.

கட்டுப் பிரித்தபோது மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கவில்லை. தோல் இழுத்துக்கொண்டது, பயிற்சி செய்தால் பல மாதத்தில் கொஞ்சம் சரியாகலாம் என்றார்களாம். சிங்கப்பூர்க்காரர்கள் அவ்வளவு நாள் காத்திருப்பார்களா? வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். அந்தச் செய்தியை அவளே போனில் சொன்னாள். "விதிக்கா, என்னா செய்றது? அந்த மீனு வந்து என் கையிலதான் ஏறணுமா" என்றாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. மறுநாள் அலுவலகத்தில் நடந்ததை நடந்தபடி சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை பெக்கான் நானாஸுக்கு பஸ் ஏறினேன்.

அவள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். உட்காரச் சொல்லிவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அது லெப்பு இல்லை என்பதை, கொதிநீரை, என் மரத்த விரலை, ஆஸ்பத்திரியில் தெரிந்தே நான் வாங்கிக்கொண்ட நன்றியை. அழக்கூடாது என்று நினைத்துப் போயிருந்தேன், முடியவில்லை. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

அவள் பந்தை மடியில் வைத்துவிட்டு, மடங்காத விரல்களை இன்னொரு கையால் மடக்கிப் பார்த்தாள்.

"மொதல்ல ஒண்ணுமே தெரியலக்கா" என்றாள். "கொஞ்ச நேரங்கழிச்சி எரிய ஆரம்பிச்சிச்சி. தாங்க முடியல. கையை வெளிய எடுக்கப் பார்த்தேன், ரெண்டு தடவ. நீங்க விடல. இன்னொரு இழு இழுத்திருந்தா வந்திருக்கும். அக்காவுக்குத் தெரியும்னு நானே அப்படியே வச்சிக்கிட்டேன்."