டெல்பர்ட்டுக்கு முன்கூட்டியே சமைத்த அடக்கச் சாப்பாடு

கென்டக்கி மலைப்பக்கத்து ஹேசல் க்ரீக் பாப்டிஸ்ட் சபையில், கடவுளால் ஆகாதது ஒன்றுமில்லை என்று ஞாயிறுதோறும் கூரை அதிரப் பாடுவார்கள். திங்கட்கிழமை ஆனதும், எதற்கும் இருக்கட்டும் என்று வேறு ஏற்பாடும் செய்துவைப்பார்கள். ஒப்பலீன் ஸ்டிடமுக்குப் பாட்டு மட்டும்தான் தெரியும். ஏற்பாடு தெரியாது.

ஒப்பலீன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். பின்சீட்டில் அடித்துக்கொள்ளும் பிள்ளைகளைக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே அடக்கிவிடுவாள். ஆண்டவரிடமும் அதே தொனியில்தான் பேசுவாள் என்று சபையில் கேலி உண்டு. பொய்யில்லை. கல்யாணமான புதிதில் நிலக்கரிச் சுரங்கம் சரிந்து புருஷன் டெல்பர்ட் உள்ளே மாட்டிக்கொண்டபோது, வாசலில் நின்ற மற்றப் பெண்கள் அழுதார்கள். இவளோ, சாப்பாடு ஆறுகிறது, சீக்கிரம் அனுப்பும் என்று மேலே பார்த்துச் சொன்னாள். அனுப்பினார்!

அந்த டெல்பர்ட்தான் இப்போது தக்காளிப் பாத்தியில் சுருண்டு விழுந்து, மூளையில் ரத்தம் கசிந்து, வாயில் குழாயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். மெஷின்தான் மூச்சு விடுகிறது, எடுத்தால் அவராக மூச்சு விடமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழாயை எடுக்கலாமா வேண்டாமா என்று வியாழக்கிழமை காலை ஒப்பலீன் சொல்லியாக வேண்டும்.

சபை ஜெபித்தது. போதகர் கூம்ஸ் கண்ணீரோடு ஜெபித்தார்: உமக்குச் சித்தமானால் சுகம் தாரும், இல்லையென்றால் சமாதானமாய் எடுத்துக்கொள்ளும். எந்தப் பக்கம் விழுந்தாலும் போதகர் ஜெயித்த மாதிரிதான்.

புதன்கிழமை ஜெபத்துக்கு முன்னால் சபைக் கூடத்தில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். ஐஸ் டீக்கு ஐஸ் எடுக்க ஒப்பலீன் சமையலறை ஃப்ரீசரைத் திறந்தாள். உள்ளே அடுக்கடுக்காக ஃபாயில் சுற்றிய தட்டுகள். சீஸ் உருளைக்கிழங்கு, கோழி நூடுல்ஸ், பன்றி இறைச்சி. பாத்திரம் திரும்பி வரவேண்டுமே என்று அடியில் அவரவர் பெயர். மேலே ஒட்டிய டேப்பில், சமையல் குழுத் தலைவி வெர்லீனின் அழகான கையெழுத்தில்: 'ஸ்டிடம் அடக்கம்.'

ஒப்பலீன் கத்தவில்லை. எல்லாவற்றையும் எடுத்து ஓவனில் வைத்தாள். சுடச்சுட மேஜைக்குக் கொண்டுவந்து, டேப்பைக்கூடப் பிரிக்காமல், ஆளுக்கு ஆள் பரிமாறினாள். சமைத்தவளுக்கு அவள் சமைத்ததே வந்தது.

வெர்லீன்தான் முதலில் வாயைத் திறந்தாள். "தப்பா எடுத்துக்காத ஒப்பலீன். நம்பிக்கை இல்லாம இல்ல. கடைசி நேரத்துல ஓடக்கூடாதேன்னுதான்…"

"தெரியும் சிஸ்டர். சாப்பிடுங்க. அவருக்கு வேண்டியிருக்காது."

போதகர் தொண்டையைச் செருமினார். "ஆண்டவர் சித்தம்னு விட்டுக் கொடுக்கறது பாவம் இல்லம்மா. சிலுவைக்கு முந்தின ராத்திரி இயேசுவே தோட்டத்துல அப்படித்தான் ஜெபிச்சார்."

"ஜெபிச்சார் பிரதர். ஆனா அவர் ஜெபிக்கிறப்போ கூட வந்தவங்க தூங்கத்தான் செஞ்சாங்க. அடக்கச் சாப்பாடு ஆக்கல."

அன்று 'உமக்குச் சித்தமானால்' என்று ஜெபத்தை முடிக்க யாருக்கும் வாய் வரவில்லை. நன்றாகச் சாப்பிட்டது மட்டும் நிஜம்.

இவ்வளவு பேசிவிட்டு வந்தவள், மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக் கழிவறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள் என்பது சபைக்குத் தெரியாது. எல்லார் முன்னாலும் சொல்லிட்டேன், என்னைப் பைத்தியக்காரி ஆக்கிடாதீர் என்று கெஞ்சினாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து டாக்டரிடம், எடுங்கள் என்றாள். மனசைத் தேற்றிக்கொண்டீர்களா என்று அவர் பரிவாகக் கேட்டார். தேற்றிக்கொள்ள வரவில்லை, மூச்சை முதலில் கொடுத்தது உங்கள் மெஷின் இல்லை, அவ்வளவுதான் என்றாள். கை மட்டும் கட்டில் கம்பியை விடவே இல்லை.

குழாய் வெளியே வந்தது. டெல்பர்ட்டின் நெஞ்சு அசையவில்லை. நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். ஒப்பலீன் குனியவில்லை, பஸ் கண்ணாடியில் பார்க்கிற அதே பார்வையோடு அந்த நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது ஒருமுறை ஏறியது. கரகரவென்று, கோணலாக. இறங்கியது. மறுபடி ஏறியது!

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார். இனி நடப்பாரா, பேசுவாரா, தனக்குத் தெரியாது என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக ஒப்பலீனுக்கு அவரை ரொம்பவே பிடித்துப்போனது.

சற்று நேரத்தில் துக்கம் கேட்கச் சபையே வந்து இறங்கியது, பெண்கள் கறுப்பு உடையில், போதகர் கறுப்பு டையில். மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற மனிதனைப் பார்த்ததும் அத்தனை பேரும் கதவிலேயே நின்றார்கள். வெர்லீன்தான் முதலில் சுதாரித்தாள். எனக்கு அப்பவே தெரியும் என்று ஆரம்பித்தாள். போதகர் கைகளை உயர்த்தி, கூரை அதிரத் துதிக்கத் தொடங்கினார்.

ஒப்பலீன் திரும்பிப் பார்க்கவில்லை. "மெதுவா பிரதர். அவர் மூச்சு விடற சத்தம் எனக்குக் கேக்கணும்."