அம்மா கேட்ட சம்மதம்

நான் சைவம், ரொஷான் மன்னார்க் கத்தோலிக்கன். எங்கள் கலியாணத்துக்கு அம்மா ஓமென்று சொல்லவே இரண்டு வருஷம் எடுத்தது. கோயிலும் வேண்டாம், சேர்ச்சும் வேண்டாமென்று, சட்டப்படி கலியாணம் நடத்திவைக்கிற ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியைப் பிடித்தோம்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு விட்பி நகரிலுள்ள அவர் வீட்டுக்குப் போனோம். சடங்கு முழுவதையும் நானே ஆசையாசையாக ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். வாசித்துவிட்டு அவர் கேட்டார்: "இது உங்கள் அம்மாவுக்கு விளங்குமா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதை நான் யோசிக்கவேயில்லை.

"அப்ப சடங்கில் சம்மதம் கேட்கிற கேள்வியை முதலில் உங்கள் அம்மாவே தமிழில் கேட்கட்டும்" என்றார்.

நான் விளங்கப்படுத்தியதும் அம்மா எழும்பியே விட்டா. "இப்பவே கேட்டுப் பாக்கட்டோ? பிள்ளை, ரொஷானைக் கட்டச் சம்மதமோ?"

"ஓம் அம்மா!"

தன்னைக் கேட்க முன்னமே ரொஷானும் "ஓம்" என்றான்.

கலியாணம் அடுத்த மாதம்தான். என்னைப் பொறுத்தவரை அது அன்றைக்கே நடந்துவிட்டது.