காய்ந்த முடியில் சீப்பு

நான் குவைத்தில் வேலை பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. கந்தர்வக்கோட்டையில் என் மனைவி மல்லிகா தலைக்குக் குளிப்பதும் அன்றுதான். போனைச் சுவரில் சாய்த்து வைத்து, என்னோடு பேசிக்கொண்டே தன் சுருள் முடியைப் பார்த்துக்கொள்வாள். ஈரத்திலேயே எண்ணெய் தடவி, நுனியிலிருந்து மேலே விரலாலேயே சிக்கெடுப்பாள். "காய்ஞ்சப்புறம் சீப்பு வச்சா உசிரு போயிரும்ங்க, அப்புடி வலிக்கும்" என்பாள்.

போன வருடம் மூளையில் ரத்தம் கசிந்து இறந்துபோனாள். நான் வந்து சேரும்வரை குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள்.

குளிப்பாட்டச் சேலையால் மறைப்புக் கட்டினார்கள். ஆண்களோடு நான் வெளியே நின்றேன். உள்ளே காய்ந்த முடியில் சீப்பு சிக்கி இழுபடும் சத்தம் கேட்டது.

"மெதுவா வாருங்கடி" என்றது ஒரு குரல்.

"செத்தவளுக்கு வலிக்கவா போகுது?" என்றது இன்னொன்று.

மறைப்பை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

"ஆம்பளை இங்கிட்டு வரக் கூடாதுப்பா!"

"சீப்பு வேணாம். தண்ணி குடுங்க, நான் எடுக்குறேன்."

ஓரமாக உட்கார்ந்திருந்த மல்லிகாவின் அம்மா எழுந்து சீப்பை வாங்கி வைத்தார். "மாப்பிள்ளை செய்யட்டும், விடுங்க."

தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அத்தை தண்ணீர் ஊற்ற, நுனியிலிருந்து சிக்கெடுத்தேன். நெற்றியோரம் சுருள்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் முடியை நான் சிக்கெடுத்தது அன்று ஒருமுறைதான். எங்கள் வாழ்க்கையைப் பெரும்பாலும் போனில் பார்த்தே கழித்துவிட்டோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.