பிறக்காத மச்சாள்

எனக்கு முறைக்கு ஒரு மச்சாள் இல்லை. அப்பாவுக்குக் கூடப்பிறந்த பெண்கள் இல்லை. அம்மாவின் தம்பிமார் இருவரும் கலியாணம் கட்டினார்கள். மாமிமாரின் வயிற்றில் ஒரு புழுபூச்சிகூடத் தங்கவில்லை. அதனால் உருத்திரபுரத்தில் காணி கிடைத்து நாங்கள் குடிவந்த பிறகு, எனக்குப் பிறத்தியில் பெண் எடுத்தார்கள். அம்மாவுக்கு அந்த மனக்குறை கடைசிவரை தீரவில்லை.

ஏழு வருஷமாகியும் எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் மனைவி பிடிக்காத விரதமில்லை, குடிக்காத கசாயமில்லை. சொந்தத்துக்குள் எடுத்திருந்தால் இந்தக் கதி வந்திராதாம். நெல்லுப் புடைக்கும்போதும் அம்மாவுக்கு இதே கதைதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் வாய் திறக்கமாட்டேன். அப்படி ஒரு ஆம்பிளை நான்! கடைசியில், அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு எனக்கு வேறு பெண் பார்ப்பதென்று அம்மா முடிவெடுத்து, நாளும் குறித்துவிட்டார்.

அந்த நாளுக்கு முன் நான் ஒருவருக்கும் சொல்லாமல் யாழ்ப்பாணம் போய் ஒரு டொக்டரிடம் காட்டினேன். என் விந்தில் உயிரணு ஒன்றுகூட இல்லை, பிறவிக் குறை, இதற்கு மருந்து கிடையாது என்றார். பிறகு, தாய்மாமன்மாருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். சில குடும்பங்களில் இது தாய்வழியாக ஆண்பிள்ளைகளுக்கு வரும், தாயிடம் குறை எதுவும் வெளியில் தெரியாது என்றார்.

பஸ்ஸில் வரும்போது அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. எந்த மச்சாளுக்காக அம்மா ஏங்கினாரோ, அவள் பிறக்காமல் போனதும் இந்தக் குறையால்தானே.

வீட்டில் மனைவி தன் சேலைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா கிணற்றடியில் கால்களை நீட்டி, பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்த தங்கச்சியின் ஆண்குழந்தையை அவற்றில் கிடத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, குறை அவளிட்டை இல்லை, என்னிலைதான். மாமாமாருக்கும் இதுதான் இருந்திருக்கு. உங்கடை பக்கத்தாலை ஆம்பிளைப் பிள்ளையளுக்கு வாறதாம்."

அம்மா என்னைக் கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன். அவரோ காலில் கிடந்த குழந்தையைக் குனிந்து பார்த்தார்.

"அப்ப இவனுக்கு?"

"தெரியாதம்மா. வந்தாலும் வரலாமாம்."

மனைவி போகவில்லை. பெட்டியிலிருந்த சேலைகள் திரும்பக் கொடிக்கு வந்தன. ஆனால் அன்றிலிருந்து அம்மா, "என்ரை கை படவேண்டாம்" என்று அந்தக் குழந்தையைக் குளிப்பாட்டவில்லை.