இருமல், தும்மல், ஒரு மிடறு

இதை எழுத எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள். படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, நான் சொற்களைப் பற்றி எழுத வந்ததை வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் பெருமைப்பட்ட நாட்கள் அதிகமில்லை. அவற்றில் ஒன்றையாவது எழுதி வைக்க ஆசைப்பட்டேன்.

பிரெஞ்சும் ஆங்கிலமும் பேசும் இந்த ஊரில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். கழுவித் துடைப்பது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது. போன குளிர்காலம் நான் வேலை செய்யும் மாடிக்கு ஒரு செக் நாட்டு அம்மா வந்தார். பாரிசவாதம் வந்ததில், இந்த ஊரில் நாற்பது வருடம் பேசிய ஆங்கிலமும் பிரெஞ்சும் அவரை விட்டுப் போய்விட்டன. மிஞ்சியது பிறந்த மொழி மட்டும். வாயால் ஒன்றும் கொடுக்கக் கூடாது, மூக்கில் குழாய். சில வாரங்களில் ஒரு நிபுணர் வந்து சோதிப்பார். சொன்னவுடன் இருமவும் விழுங்கவும் முடிந்தால் சாப்பாடு தொடங்கலாம். முடியாவிட்டால் வயிற்றில் நிரந்தரமாகக் குழாய். தேநீர் வண்டி அறை வாசலைக் கடக்கும்போதெல்லாம், அது திரும்பி மறையும்வரை அந்த அம்மா பார்த்துக்கொண்டிருப்பார்.

அவருடைய மகளுக்கு ஊரின் மறுகோடியில், புவாண்ட்-கிளேரில், ஒரு பொருட்களஞ்சியத்தில் வேலை. ஒரு நாள் அவர் ஒரு தாளை என்னிடம் தந்தார். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் செக். எல்லாம் சின்னச் சின்னச் செயல்கள், சத்தங்கள். இரும, தும்ம, விக்க, கொட்டாவி விட, கண் சிமிட்ட, உறிஞ்ச, விழுங்க. இவற்றை அவவின் மொழியிலேயே சொல்லிவிட்டுத் தொட்டால் அம்மா பயப்பட மாட்டா, சோதனைக்கும் பழகுவா என்றார்.

உண்மையைச் சொன்னால், இடப்பக்கத்திலேயே பாதி எனக்கு விளங்கவில்லை. சாப்பாட்டு அறையில் மன்னார்க்கார அக்காவிடம் கேட்டேன். அவ என்னோடு வேலை செய்கிறவ.

“அக்கா, ‘ஸ்னிஃப்’ எண்டா என்ன?”

“மூக்கை உறிஞ்சிறது. ஏன், சளியோ?”

தாளைக் காட்டினேன். அவ சாப்பிட்டுக்கொண்டிருந்த புட்டை விட்டுவிட்டுச் சிரித்தா.

“ஐயோ தங்கச்சி! பிரெஞ்சு வகுப்பில ரீச்சர் கேள்வி கேட்டா மேசைக்குக் கீழ பேனை தேடுறனீர். இப்ப செக்கோ?”

“சிரியாதேங்கோ. சொல்லித் தாங்கோ.”

“சரி, சரி. எழுதும்.”

வலப்பக்க ஓரத்தில் மூன்றாவது வரிசையாகத் தமிழை எழுதினேன். மகளைச் சொல்லச் சொல்லி, செக் சொற்களின் கீழே தமிழ் எழுத்தில் உச்சரிப்பும் எழுதினேன். கஷ்லத் என்றால் இருமுவது. கீஹத் என்றால் தும்முவது. ஷ்கிதத் என்றால் விக்குவது. சொல்லும்போதே விக்கல் எடுப்பது போலிருக்கும். பொலிகத் என்றால் விழுங்குவது. தொண்டையைச் சரிசெய்வதற்கு ஆங்கிலத்தில் மூன்று சொல் போட்டிருந்தது. நான் ஒரே சொல்லில் ‘செருமுதல்’ என்று எழுதினேன். அதைப் பார்த்து எனக்குள்ளே கொஞ்சம் நிமிர்ந்துகொண்டேன்.

தினமும் காலையில் கழுவித் துடைக்கும்போது அந்த அம்மாவும் நானும் பழகினோம். நான் சொல்லைச் சொல்வேன், செய்தும் காட்டுவேன், அவர் செய்வார்; விழுங்குவது வெறும் எச்சிலைத்தான். குழந்தைக்கு ஊட்டும்போது நாங்களும் வாயை ஆவென்று திறப்போமே, அந்தப் பழக்கம் எனக்கு. அதோடு, எண்பது வயது மனுசியிடம் வெறும் ‘இருமு’ என்று சொல்ல வாய் வராது. அதனால் “கஷ்லத்துங்கோ” என்பேன், “பொலிகத்துங்கோ” என்பேன். ஒருநாள் மகள் வாசலில் நின்று கேட்டுவிட்டு, அந்த ‘ங்கோ’ எந்த மொழி என்று விசாரித்தார். மரியாதை என்றேன். அவர் சிரித்தார். கட்டிலில் இருந்த அம்மாவும் சிரித்தார்.

சோதனை நாளன்று பனி கொட்டியது. பஸ் ஓடவில்லை, செக்கில் எடுத்துச் சொல்ல மகளால் வர முடியவில்லை. நிபுணர் வந்து, கையுறை போட்டு, அந்த அம்மாவின் தொண்டையில் விரல் வைத்தார். இருமச் சொல்லிப் பிரெஞ்சில் கேட்டார், ஆங்கிலத்தில் கேட்டார். அம்மா இருமவில்லை. ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொன்னார். அது கடைவாயால் வழிந்தது. அவர் தாளில் ஏதோ எழுதத் தொடங்கினார்.

நான் மூலையில் துவாய் மடித்துக்கொண்டிருந்தேன். நிபுணர் வேலை செய்யும்போது எங்களைப் போன்றவர்கள் பேசுவதில்லை. அந்தப் பேனை இன்னும் இரண்டு வரி போனால் குழாய்தான் என்று தெரிந்தது. “மடாம்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தரம் சத்தமாகச் சொன்னேன். அவவுக்குச் செக் மட்டும்தான் விளங்கும், சொல் என்னிடம் இருக்கிறது என்றேன்.

அவர் பேனையை வைத்துவிட்டு, சொல்லுங்கள் என்றார். நான் கட்டிலருகே போய்ச் சொல்லி, வழக்கம்போல் இருமியும் காட்டினேன். அம்மாவும் இருமினார். நிபுணர் தலையசைக்கவில்லை. செய்து காட்டக் கூடாது, பார்த்துச் செய்வதைக் கணக்கில் எடுக்க மாட்டேன் என்றார்.

மறுபடியும் ஒரு கரண்டி தண்ணீர். நான் சொல்லை மட்டும் சொன்னேன். அம்மா தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு என் தொண்டையையே பார்த்தார். நான் விழுங்கக் காத்திருந்தார். அப்படிப் பழக்கியது நான்தானே! என் வாயும் தானாக அசையப் பார்த்தது. அடக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னேன்:

“பொலிகத்துங்கோ, அம்மா.”

ஒன்றும் நடக்கவில்லை. அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் சீறியது. பிறகு பின்னால் ‘களக்’ என்று ஒரு சத்தம். விழுங்கும் சத்தம்! அந்தச் சத்தத்தை எந்த மொழியிலும் எனக்குத் தெரியும்.

“அன்கோர்” என்றார் நிபுணர். இன்னும் ஒருமுறை. சுவரைப் பார்த்தபடியே ஏழு தரம் சொன்னேன். ஏழு தரமும் கேட்டது. எட்டாவதாக இருமச் சொன்னேன். நல்ல பலமாக இருமினார்.

மசித்த சாப்பாடு கொடுக்கலாம் என்று நிபுணர் எழுதினார். போகும்போது என் தாளை வாங்கி, படம் எடுத்துக்கொண்டு, மூன்றாவது வரிசை என்ன மொழி என்று கேட்டார். தமிழ் என்றேன். யார் எழுதியது என்றார். “நான்” என்றேன். பிரெஞ்சில், நிமிர்ந்து நின்று, முழுச் சத்தத்தில்.

வெளியே மன்னார் அக்கா தேநீர் வண்டியோடு நின்றா.

“என்ன, சுவரோட கதைச்சுக்கொண்டு நிண்டனீராம்?”

“ஓம் அக்கா. பாஸ் பண்ணியாச்சு.”

“ஆர், அவவோ நீரோ?”

“ரெண்டு பேரும்.”

மறுநாள் மத்தியானம் மசித்த உருளைக்கிழங்கும் கரட்டும் வந்தன. அந்த அம்மா ஆறு கரண்டி சாப்பிட்டார். கரட்டை வேண்டாமென்றுவிட்டார்.